பரீட்சையும் தலையெழுத்தும்

நமது நாட்டில் ஒரு பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டால் "அது அவன் தலையெழுத்து" என்கிறார்கள். அதே பிள்ளை முதல் வகுப்பில் தேறிவிட்டால் "சாமி கண்ணைத் திறந்தது" என்கிறார்கள். தவறினால் பழி தலைக்கும், தேறினால் புகழ் சாமிக்கும் போய்விடுகிறது. நடுவில் கண் விழித்துப் படித்த பிள்ளை எங்கே? சம்பளம் கட்டுவதற்காகக் கழுத்தில் கிடந்ததை அடகு வைத்த தாய் எங்கே? புரியாததைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் எங்கே? இவர்களைப் பற்றிய பேச்சே கிடையாது.

ஏரலிலும் சுற்று வட்டாரத்திலும் இருந்து திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், சாயர்புரம், நாசரேத், தூத்துக்குடி, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களின் கலாசாலைகளுக்கு நமது பிள்ளைகள் தினந்தோறும் போய் வருகிறார்கள். இவர்களில் பலர் தங்கள் குடும்பத்திலேயே முதல் முதல் கலாசாலை வாசலை மிதித்தவர்கள். சேருகிறவர்கள் அநேகர். தவறின பாடங்களைச் சுமந்து கொண்டு வெளியே வருகிறவர்களும் அநேகர். முதல் வகுப்பிலும், பதக்கத்துடனும் தேறி வருகிறவர்கள் கொஞ்சம் பேர். இந்தக் கொஞ்சம் பேரை மற்றவர்களிடமிருந்து பிரித்தது எது? மற்றவர்களையும் அந்த இடத்துக்குக் கொண்டு போக என்ன செய்ய வேண்டும்? இதுதான் இன்று நாம் யோசிக்க வேண்டிய விஷயம். நாம் கலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவர்களல்ல. கிடைத்த புத்தகத்தைக் கிடைத்த நேரத்தில் படித்து அறிந்தவர்கள். ஆகையால் பட்டத்தின் மீது நமக்குப் பொறாமையும் இல்லை, மயக்கமும் இல்லை. ஆனால் அந்தப் பட்டம் ஒரு கூலிக்காரன் வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டின் மூன்று தலைமுறை நிமிரும் என்பதை மாத்திரம் நன்றாய் அறிவோம்.

பொதுவாக ஜனங்கள் இதற்கு மூன்று பதில் சொல்லுகிறார்கள். ஒன்று, தெய்வ அருள். இரண்டு, கிரக பலன். மூன்று, பிறவிப் புத்தி, அதாவது "இன்ன ஜாதிக்குத்தான் படிப்பு வரும்" என்பது. பார்வைக்கு இவை மூன்று பதில்கள். உண்மையில் மூன்றும் ஒன்றே. எப்படியெனில், மூன்றும் மனிதன் செய்ய வேண்டியதை மனிதன் செய்யாமலிருப்பதற்கு ஏற்பட்ட சாக்குகளேயாகும். ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் பேனாவும் ஹால் டிக்கெட்டும் சாமி காலடிக்குப் போகின்றன. அர்ச்சனைச் சீட்டுக்கும் தேங்காய் பழத்துக்கும் காசு போகின்றது. நாம் கேட்கிறோம்: இன்றைய பல்கலைக்கழகப் பரீட்சையில் விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு எழுதினவனுடைய பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது, ஜாதியும் தெரியாது. பதிவு நம்பரைக் கூட மறைத்து, வேறு நம்பர் போட்டுத்தான் அவர் கையில் கொடுக்கிறார்கள். எழுதியிருப்பதற்கு மார்க்கு, எழுதாததற்குச் சுழி. இதில் அருள் நுழைய எங்கே இடம் இருக்கிறது? வெற்றுத் தாளில் சாமி எழுதி வைக்குமா? அப்படி எழுதி வைக்குமானால் அதற்குப் பெயர் அருளா, காப்பியடித்தலா? இன்னொன்றும் கேட்கிறோம். பூஜை செய்கிறவர் தமது சொந்தப் பிள்ளையைக் கோயிலில் உட்கார வைத்துவிட்டு நிம்மதியாய் இருக்கிறாரா, அல்லது டியூஷனுக்கு அனுப்புகிறாரா? பக்கத்திலேயே இருக்கிறவருக்கு இல்லாத நம்பிக்கை, பஸ் ஏறிப் போகிற உங்களுக்கு மாத்திரம் ஏன்?

அடுத்தது கிரகம். நமது பக்கத்தைப் போல் கிரகங்களுக்கு வசதியான பக்கம் உலகத்திலேயே கிடையாது. நவதிருப்பதிகள் ஒன்பதும் நமது தாமிரவருணிக் கரையை ஒட்டியே இருக்கின்றன. ஸ்ரீவைகுண்டம் சூரியனுக்கு, ஆழ்வார்திருநகரி குருவுக்கு, பெருங்குளம் சனிக்கு, திருப்புளியங்குடி புதனுக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். படிப்புக்கு அதிபதி புதன் என்பது ஜோதிடர்கள் சொல்லுகிற கணக்கு. அப்படியானால் புதன் குடியிருக்கும் ஊரிலே தவறின பிள்ளையே இருக்கக் கூடாதல்லவா? சனி குடியிருக்கும் ஊரிலே தேறின பிள்ளையே இருக்கக் கூடாதல்லவா? அங்கும் தேறுகிறார்கள், இங்கும் தவறுகிறார்கள். புதன் என்பது 88 நாளில் சூரியனை ஒரு சுற்றுச் சுற்றி வருகிற ஓர் உருண்டை. அதற்கு நமது பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமும் தெரியாது, பரீட்சைத் தேதியும் தெரியாது.

தெய்வ அருளுக்குப் பெரிய அத்தாட்சியாக எடுத்துக்காட்டப்படுகிறவர் கணித மேதை ராமானுஜன். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்கைச் சொல்லிக் கொடுத்தாள் என்று அவரே நம்பினார். அவர் நம்பிக்கை அவருடையது. ஆனால் அவருடைய சரித்திரத்தை வரிசையாய்ப் படித்துப் பாருங்கள். 1904-இல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களை விட்டுவிட்டதால் தவறினார். உபகாரச் சம்பளமும் போயிற்று. 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தார். அங்கும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. கனவில் கணக்குச் சொன்ன தாயார் இங்கிலீஷ் பாடத்தையும் உடற்கூற்றுப் பாடத்தையும் ஏன் சொல்லவில்லை? வேலையும் இல்லாமல், வயிற்றுக்கும் போதாமல், பழைய தாளிலும் சிலேட்டுப் பலகையிலும் கணக்குப் போட்டுக் கொண்டு அலைந்தார். 1912-இல் துறைமுக ஆபீசில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1913-இல் சென்னை சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் கொடுத்து, "நீர் கணக்கை மாத்திரம் பாரும்" என்று உட்கார வைத்தது. 1914-இல் ஹார்டி என்கிற ஆசிரியர் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தார். 1916-இல் பட்டம் வந்தது. 1918-இல் ராயல் சொசைட்டி அங்கத்தினர் ஆனார்.

தோழர்களே! 1907-இல் இருந்த அதே மூளைதான் 1916-லும் இருந்தது. அதே தலைதான், அதே தலையெழுத்துதான், அதே தாயார்தான். நடுவில் வந்தவை மூன்று: மாதச் சம்பளம், ஓய்வான நேரம், கேட்டதற்குப் பதில் சொல்லத்தக்க வாத்தியார். இந்த மூன்றும் வராமல் இருந்திருந்தால் அந்த மேதை துறைமுகக் கணக்குப் புத்தகத்திலேயே முடிந்திருப்பார். அப்படி முடிந்து போன ராமானுஜன்கள் நமது வாழைத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் எத்தனை பேரோ, யார் கணக்கெடுத்தார்கள்? இன்னொரு விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. ராமானுஜன் பிறந்தது பிராமண ஜாதியில். ஆயிரம் வருஷம் படித்த பரம்பரை என்று சொல்லப்படுகிற அந்த ரத்தம், உதவி இல்லாத காலத்தில் அவருக்கு ஒரு எப்.ஏ. பரீட்சையைக் கூடத் தேற்றிக் கொடுக்கவில்லை.

இனி மூன்றாவதான ஜாதிப் புத்திக்கு வருவோம். இதற்குப் பதில் தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நமது திருநெல்வேலிச் சீமை நாடார்களுக்குக் கோயிலுக்குள் இடமில்லை. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள் மேல் வழக்குப் போட்டு, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் நாடார்களுக்கு நுழைய உரிமை இல்லை என்றே தீர்ப்பாயிற்று. ஆகவே சாமியின் அருள் அவர்கள் மேல் படுவதற்குச் சட்டப்படியே வழியில்லை. அப்படிப்பட்டவர்கள் எப்படிப் படித்தார்கள்? வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்கினார்கள். அந்த மகமையில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1910-இல் மகாஜன சங்கம் ஏற்படுத்தி, பிள்ளைகளின் படிப்புக்குக் கடன் கொடுத்து, படித்து வேலைக்குப் போன பின் திருப்பி வாங்கி, அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், ஏரலுக்கு அருகே சாயர்புரத்தில் 1842-இல் வந்து கல்வி நிலையம் நடத்திய ஜி. யு. போப், நாசரேத்தில் மர்காஷிஸ் முதலிய பாதிரிமார்கள் பள்ளிகள் வைத்தார்கள். அவர்கள் செய்த ஜெபத்தால் பிள்ளைகள் தேறவில்லை. அவர்கள் வைத்த பள்ளிக்கூடத்தால் தேறினார்கள். கோயிலுக்கு உள்ளே விடப்படாத ஒரு சமூகத்திலிருந்து டாக்டரும் வக்கீலும் எஞ்சினீயரும் வந்துவிட்டார்களென்றால், படிப்பு கர்ப்பக்கிருகத்திலிருந்து வரவில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

பெண்களுக்குப் படிப்பு வராது என்றார்கள். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் அங்கே ஆண்கள் கலாசாலையில் இடம் கேட்ட போது, பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று கூச்சல் போட்டார்கள். தகப்பனார் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். மன்னர் கலாசாலையில் இடமும் உபகாரச் சம்பளமும் கொடுத்தார். 1907-இல் சென்னை வைத்தியக் கலாசாலையில் சேர்ந்தவர், 1912-இல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று டாக்டராக வெளியே வந்தார். தீண்டப்படாத ஜாதியென்று சொல்லப்பட்டதில் பிறந்த அம்பேத்கருக்குப் பரோடா மன்னர் உபகாரச் சம்பளம் கொடுத்தார். 1912-இல் பி.ஏ. தேறினார். 1913-இல் அமெரிக்கா போய்க் கொலம்பியா சர்வகலாசாலையில் படித்தார். அந்த மாதச் சம்பளம் இல்லாவிட்டால், நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதிய மூளை பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பிலேயே நின்றிருக்கும்.

இதற்கு ஒரு ஆட்சேபணை சொல்லுவார்கள். "எந்த உதவியும் இல்லாமல், தெரு விளக்கிலே படித்து முன்னுக்கு வந்த முத்துசாமி அய்யர் போன்றவர்களும் உண்டே" என்பார்கள். நல்லது. அந்தத் தெரு விளக்கை நட்டது யார்? அதற்கு எண்ணெய் ஊற்றியது யார்? ஊரார் வரிப் பணமல்லவா? உதவியில்லாமல் படித்தவருக்கு உதாரணம் தேடப் போனாலும் ஊரார் போட்ட விளக்கின் கீழேயே போய் முட்டிக்கொள்ளுகிறார்கள். நாமும் அதைத்தான் சொல்லுகிறோம். விளக்கைப் போடுவது ஊராரின் கடமை; அதன் கீழ் உட்கார்ந்து படிப்பது பிள்ளையின் கடமை. விளக்கே போடாமல், "இருட்டில் படிக்கத் தெரியாதவனுக்குத் திறமை இல்லை" என்று தீர்ப்புச் சொல்லுவதற்குப் பெயர் தகுதி பார்ப்பதல்ல, அக்கிரமம்.

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலைப் பாருங்கள். வெற்றிலைக் கொடியை வெறும் தரையில் போட்டுவிட்டு யாராவது "படர்ந்தால் படரட்டும், அது அதன் எழுத்து" என்று சொல்லுகிறார்களா? முன்கூட்டியே அகத்தியை நட்டு, நிழல் உண்டாக்கி, அதில் கொடியைச் சேர்த்துக் கட்டி, தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். படருகிற வேலையைக் கொடி செய்கிறது. வெற்றிலைக்குத் தெரிந்த இந்த நியாயத்தைச் சொந்தப் பிள்ளைக்கு மாத்திரம் மறந்துவிடுகிறோம்.

நிற்க. அப்படியானால் கலாசாலைப் பிள்ளை சிறப்பாய்த் தேறுவதற்கு உண்மையில் வேண்டியவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது வயிறும் கைக்காசும். 1920-இல் சென்னை நகரசபையில் தியாகராயர் தலைமையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போட்டார்கள். 1956-இல் காமராஜர் நமது ராஜ்யத்துப் பள்ளிகளில் மதிய உணவு போட்டார். "சோறு போட்டால் படிப்பு வருமா?" என்று அன்றும் கேலி செய்தார்கள். சோறு போட்டதால் பள்ளிக்கு வந்தவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று கலாசாலையில் இருக்கிறார்கள். அரசாங்கப் பள்ளியில் படித்துக் கலாசாலை சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் ஏற்பாடு 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கு அதே ஏற்பாடு 2024 ஆகஸ்டிலும் தொடங்கிற்று. இதைப் பிச்சை என்று சிலர் பேசுகிறார்கள். அந்த 1000 ரூபாய் இல்லாத பிள்ளை கலாசாலை விட்டதும் கடையில் நின்று, இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து புத்தகத்தின் மேலேயே தூங்குகிறான். அவன் தூக்கத்துக்குப் பெயர் சோம்பலா? பணத்தின் குறைவா?

இரண்டாவது தூரமும் நேரமும். நமது தாத்தா காலத்தில் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் சர்வகலாசாலை சென்னையில் இருந்தது. 1966-இல் மதுரைக்கு வந்தது. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பெயரால் திருநெல்வேலிக்கே வந்தது. கலாசாலைகளும் அப்படியே, தூத்துக்குடியில் வ.உ.சி. பெயரால் 1951-லும், சாயர்புரத்தில் போப் பெயரால் 1962-லும், திருச்செந்தூரில் ஆதித்தனார் பெயரால் 1965-லும் வந்தன. ஒரு பட்டதாரி கூட இல்லாதிருந்த தெருக்களில் அதன் பிறகு வீட்டுக்கு வீடு பட்டதாரிகள் தோன்றினார்கள். தலைகள் மாறினவா? எழுத்து மாறிற்றா? கலாசாலை பக்கத்தில் வந்தது, அவ்வளவுதான். 2021 மே மாதத்தில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன போது, "நாளைக்கு பஸ்ஸுக்குக் காசில்லை, வீட்டில் இரு" என்கிற பேச்சுப் பல வீடுகளில் நின்றது. இன்னும் நிற்க வேண்டிய பேச்சு ஒன்று உண்டு. பையன் வந்தால் படிக்க உட்காருகிறான். பெண் வந்தால் பாத்திரம் தேய்க்க உட்காருகிறாள். இருவருக்கும் பரீட்சை ஒன்றுதான்; கேள்வித்தாள் ஒன்றுதான். இரவில் இரண்டு மணி நேரத்தை அவளிடமிருந்து பறித்துக்கொண்டு, மார்க்குக் குறைந்ததும் "போதும், கட்டிக் கொடுத்துவிடுவோம்" என்று சொல்லுகிறவர்களுக்கு வெட்கம் வேண்டாமா?

மூன்றாவது, சொல்லிக் கொடுக்கும் முறை. வாத்தியார் ஒரு மணி நேரம் பேசுவதும், பிள்ளைகள் வாய் பொத்திக் கேட்பதும், கேள்வி கேட்டால் "அதிகப்பிரசங்கி" என்று உட்கார வைப்பதும் புராணப் பிரசங்கத்துக்குப் பொருந்தும், படிப்புக்குப் பொருந்தாது. விஞ்ஞானம், எஞ்சினீயரிங், கணக்கு ஆகிய பாடங்களைப் பற்றி 225 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் அமெரிக்காவில் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பிள்ளைகளைக் கேள்வி கேட்கவும், தாங்களே செய்து பார்க்கவும் விட்ட வகுப்புகளைவிட, வெறும் பிரசங்க வகுப்புகளில் தவறுகிறவர்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தார்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல, தேறும் வழி என்பதற்கு இது கணக்கோடு வந்த சாட்சி. தமிழில் படித்துவிட்டுக் கலாசாலைக்கு வந்த பிள்ளை, முதல் வருஷம் இங்கிலீஷில் எதுவும் விளங்காமல் விழிக்கிறான். அவனுக்கு விளங்காதது பாஷைதான்; விஷயமல்ல. தமிழில் விளக்கிச் சொல்லி, பிறகு இங்கிலீஷ் வார்த்தையைக் கொடுக்கிற வாத்தியார் ஒருவர் கிடைத்தால் அவனே இரண்டாம் வருஷம் வகுப்பில் முதலாய் நிற்பான்.

நான்காவது, பிள்ளை தானே செய்ய வேண்டியது. நாம் ஊரார் கடமையைச் சொன்னோம் என்பதற்காகப் பிள்ளையின் கடமை இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஜெர்மானியரான எபிங்ஹாஸ் என்பவர் தம்மைத் தாமே பரிசோதித்து 1885-இல் வெளியிட்ட புத்தகத்தில், படித்தது எவ்வளவு வேகமாய் மறந்து போகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். மறதி என்பது நம் பிள்ளைக்கு மாத்திரம் வந்த சாபமல்ல. மனித மூளையின் இயற்கை. விட்டு விட்டுத் திரும்பப் படித்தால் அது குறைகிறது. 2006-இல் அமெரிக்காவில் மாணவர்களை வைத்து இன்னொரு பரிசோதனை செய்தார்கள். ஒரு கூட்டத்தார் ஒரு பாடத்தை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு கூட்டத்தார் ஒரே தடவை படித்து, மூன்று தடவை புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், படித்துப் படித்துப் பார்த்தவர்கள் 100-க்கு 40 பங்கும், எழுதிப் பார்த்தவர்கள் 100-க்கு 61 பங்கும் சொன்னார்கள். மந்திரம் போலத் திரும்பத் திரும்ப உருப்போடுவதற்கும், மூடிவிட்டுச் சொந்த மூளையைக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மாணவத் தோழர்களே! பரீட்சைக்கு முந்தின வாரம் இரவெல்லாம் விழித்துப் படிப்பதைவிட, முதல் நாளிலிருந்தே தினம் ஒரு மணி நேரம், புத்தகத்தை மூடி வைத்து எழுதிப் பாருங்கள். பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். நேரத்துக்குத் தூங்குங்கள். புரியாததை அன்றே கேளுங்கள். கைப்பேசியைத் தூர வையுங்கள். இதற்குக் காசு வேண்டியதில்லை, முகூர்த்தமும் வேண்டியதில்லை.

ஐந்தாவது, பயமில்லாமல் கூடிப் படிக்கும் தோழமை. நமது சீமையில் இதைச் சொல்லும் போது தலை குனிய வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் கையில் ஜாதிக்கு ஒரு வர்ணக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாய்ப் படித்ததைத் தவிர வேறு குற்றம் செய்யாத ஒரு மாணவனை, அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டுப்பட்ட அந்த மாணவன் ஆஸ்பத்திரியில் கிடந்து, அடுத்த வருஷம், சொல்லச் சொல்ல எழுதுகிறவரின் உதவியோடு பிளஸ் டூ பரீட்சை எழுதி நல்ல மார்க்கில் தேறினான். அவனைத் தேற வைத்தது எது? கையைத் தைத்த டாக்டர்கள், பாடம் சொன்ன வாத்தியார்கள், எழுதிக் கொடுத்தவர், தன்னுடைய மன உறுதி. வெட்டினவர்களைக் கெடுத்தது எது? பெரியவர்கள் ஊட்டிய ஜாதி. இது குறித்து ஆராய்ந்த நீதிபதி சந்துரு அவர்கள் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வர்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து ஜாதியை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளைக்குத் தெரிந்ததை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லி, இருவரும் தேறுவதுதான் கலாசாலை. பக்கத்துப் பெஞ்சுக்காரனைப் பார்த்துப் பயப்படும் இடத்தில் எந்தப் பாடமும் மண்டையில் ஏறாது.

இந்த ஐந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறோம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் ஒரு ஏற்பாடு தொடங்கிற்று. ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளத்தில் விழுகிற குறையை ஈடு செய்து, பாடப் புத்தகமும் பிரயாணச் சீட்டும் கொடுத்து, அடிக்கடி அழைத்து விசாரிக்க ஒரு ஆலோசகரையும் வைத்தார்கள். பிறகு அதன் பலனை அறிய, சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒரு பங்குப் பிள்ளைகளை இந்த ஏற்பாட்டிலும், மற்றப் பங்கை வழக்கமான முறையிலும் விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் வழக்கமான முறையில் 100-க்கு 22 பேர் தேறிய இடத்தில், ஏற்பாட்டில் இருந்தவர்கள் 100-க்கு 40 பேர் தேறினார்கள். குலுக்கின சீட்டில் தலையெழுத்தைப் பார்த்தா பிரித்தார்கள்? ஒரே மாதிரித் தலைகள்தான்; உதவி கிடைத்த தலைகள் ஏறக்குறைய இரு மடங்கு தேறின.

உதவி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் போக வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை ஏரலில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரவருணி ஊருக்குள் புகுந்தது. ஏரல் பாலம் உடைந்தது. வீடுகளில் அரிசியோடு புத்தகமும், நோட்டும், சர்ட்டிபிகேட்டும் நனைந்து கூழாயின. அந்தப் பருவத்தில் ஒரு பிள்ளைக்கு மார்க்குக் குறைந்திருந்தால் அதற்குக் காரணம் தலையில் எழுதிய எழுத்தா, தண்ணீரில் போன எழுத்தா? பாலத்தைத் திரும்பச் சரி செய்ய எஞ்சினீயரும் கம்பியும் சிமெண்டும் வேண்டியிருந்தன. பாலத்துக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா?

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? நமது பக்கத்தில் கோயில் கொடை என்றால் தலைக்கட்டு வரி போட்டு, ஒரு வீடு பாக்கியில்லாமல் வசூலிக்கிறோம். இரண்டு இரவில் பந்தலாகவும், வாணமாகவும், மைக் செட்டாகவும் அது புகைந்து போகிறது. அதே தலைக்கட்டில் படிப்புக்கு என்று ஒரு வரி ஏன் போடக் கூடாது? கொடை நடத்தத் தெரிந்த கைக்கு இது கஷ்டமான காரியமல்ல. அந்தப் பணத்தில் இரவு பத்து மணி வரை விளக்கெரியும் படிப்பகம் ஒன்று, ஆணும் பெண்ணும் எல்லா ஜாதியும் ஒரே மேஜையில் உட்காரும்படியாக, ஏரலில் இருக்கட்டும். தேறிப் போன பிள்ளைகளின் புத்தகங்களை எடைக்குப் போடாமல் அங்கே வாங்கி வைத்து அடுத்த பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். பட்டம் பெற்று ஊரில் இருக்கும் ஒவ்வொருவரும் வாரத்தில் இரண்டு மணி நேரம் அங்கே வந்து, முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடத்தை விளக்கட்டும். உபகாரச் சம்பள மனுவை எப்படி எழுதுவது, எந்தத் தேதிக்குள் கொடுப்பது என்று சொல்லட்டும். தேதி தெரியாமலே இழந்தவர்கள் அநேகர். தவறின பிள்ளையைப் பரிகாரத்துக்கு இழுத்துப் போகாமல், அவனுடைய விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்து, எங்கே தவறினான் என்று யாராவது உட்கார்ந்து சொல்லட்டும். நோய் எங்கே என்று பார்க்காமல் கொடுக்கும் மருந்துதான் பரிகாரம்.

சிறப்பாய்த் தேறி வரும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பதக்கத்தில் உங்கள் உழைப்பு இருக்கிறது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதில் வாழைத்தார் சுமந்த ஒரு தோளும், வரி கட்டின ஊரும், உங்களுக்கு முன் வாசலைத் திறக்கச் சண்டை போட்டவர்களும் இருக்கிறார்கள். "எல்லாம் என் திறமை" என்று சொல்லிவிட்டு ஊரை விட்டுப் போகிறவனும், "எல்லாம் அவன் அருள்" என்று சொல்லிவிட்டு மொட்டை போடப் போகிறவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பட்ட கடனை இல்லையென்கிறார்கள். பெற்ற உதவியை அடுத்த பிள்ளைக்குத் திருப்பிக் கொடுப்பதே அந்தப் பட்டத்துக்கு யோக்கியதை.

பெற்றோர்களே! பிள்ளை பரீட்சைக்குப் போகும் போது நெற்றியில் பூசி அனுப்புவதோடு கடமை முடிந்து விட்டதென்று எண்ணாதீர்கள். வயிற்றுக்குச் சோறு, கைக்குப் புத்தகம், இரவுக்கு விளக்கு, பெண்ணுக்கும் பையனுக்கும் சமமான நேரம், இவற்றைக் கொடுங்கள். தலையிலே யாரும் எதையும் எழுதி அனுப்பவில்லை. எழுதப்பட வேண்டியதெல்லாம் விடைத்தாளில்தான். அதை எழுத வேண்டியது பிள்ளையின் கை. அந்தக் கைக்குப் பலம் கொடுக்க வேண்டியது நாம்.